காட்டுப் பழம் சும்மா, பறிக்கிற கை சும்மாவா?



டவுன் கடைக்குப் போகும்போது ஜாம் போத்தலிலும் பிஸ்கட் பெட்டியிலும் கருநீலமாக, உருண்டையாக ஒரு பழத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். "இது என்னா பழம்மா? நாவப்பழமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாவற்பழம் இல்லை. அதன் பெயர் புளூபெரி. தமிழில் நீலப்பழம் என்று வைத்துக்கொள்வோம்.

இது எங்கேயோ குளிர் நாட்டில் காய்க்கிற பழம். நமக்கு என்ன வந்தது என்று நினைக்க வேண்டாம். இந்தப் பழம் எப்படிப் பறிக்கப்படுகிறது, யார் பறிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், நம் பாட்டன் பாட்டி சொன்ன ஒரு பழைய கதை அதற்குள் இருக்கிறது. நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும்போது உதவக்கூடிய பாடமும் இருக்கிறது.

தேயிலைக்குப் பிடித்த மண்தான் இதற்கும்

நீலப்பழத்தில் பல வகை உண்டு. பெட்டியில் அடைத்துக் கடைகளில் விற்பது பெரும்பாலும் அமெரிக்க வகை. தோட்டம் போட்டு வளர்ப்பது. ஆளுயரம் வளரும். கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பழத்தைப் பிய்த்தால் உள்ளே வெளிறிய பச்சை நிறம்.

நாம் பேசப்போவது காட்டு வகை. பின்லாந்து, சுவீடன், நோர்வே போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் காட்டிலும் மலைச் சரிவிலும் தானாக முளைப்பது. செடி முழங்கால் உயரத்துக்கு மேல் போவது அரிது. கொத்தாகக் காய்க்காது. இலைக் கணுவில் ஒவ்வொன்றாகத் தொங்கும். பட்டாணி அளவு பழம். உள்ளேயும் கருஞ்சிவப்பு. நாலு பழம் தின்றால் நாக்கும் பல்லும் விரலும் நாவற்பழம் தின்ற மாதிரியே ஆகிவிடும்.

இந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும். அமில மண் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். தேயிலைக்கும் அதே மண்தான். கவ்வாத்து வெட்டிய மலையில் டொலமைட் போடுகிறோமே, அது எதற்கு? மண்ணின் புளிப்பு அளவுக்கு மீறிப் போகாமல் இருக்கத்தான். ஆக, நாம் மிதிக்கிற மண்ணும் அந்த மண்ணும் ஒரு வகையில் உறவு.

இன்னொரு உறவும் உண்டு. இந்தப் பழச் செடியின் இனத்துக்கு வக்சீனியம் என்று பெயர். அதே இனத்துச் செடிகள் நமது ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டிலும் இருக்கின்றன. நுவரெலியாப் பக்கம் சிவப்பாகப் பூக்கிற மஹ ரத்மல் மரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கே பூவோ காயோ செடியோ பறிக்கக் கூடாது. பார்க்கலாம், அவ்வளவுதான்.

மலையேறிப் பழம் பறிக்கும் நாள்

பின்லாந்தின் வடக்கே லாப்லாந்து என்ற பகுதி. உச்சி மொட்டையான, உருண்டையான மலைகள் அங்கே உண்டு. உச்சியில் மரம் நிற்காது. குளிரும் காற்றும் விடாது. அதற்குக் கீழே பைன் மரக்காடு. அந்தக் காட்டின் அடியில் கம்பளம் விரித்த மாதிரி இந்தப் பழச் செடி.

யூலை மாதக் கடைசியில் பழுக்கத் தொடங்கும். ஆகஸ்ட்தான் நல்ல பருவம். செப்டெம்பரில் உறைபனி விழுந்ததும் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் பின்லாந்துக் குடும்பங்கள் வாளியும் ரொட்டியும் பிளாஸ்க்கில் கோப்பியும் எடுத்துக்கொண்டு மலையேறப் போவார்கள். நடக்கிறவர்கள் நடக்கலாம். குனிகிறவர்கள் குனிந்து பறிக்கலாம். பிள்ளைகள் வாளியில் போடுவதை விட வாயில் போடுவதுதான் அதிகம். எந்த நாட்டுப் பிள்ளையும் அப்படித்தான்!

கையாலும் பறிக்கலாம். நிறையப் பறிக்கிறவர்கள் ஒரு கருவி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பெரிய சீப்பு மாதிரிப் பல் வைத்த முறம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செடியின் அடியில் கொடுத்து மெதுவாக மேலே தூக்கினால், பல்லுக்கு நடுவே இலை நழுவிப் போகும், பழம் மட்டும் உள்ளே விழும். பலமாக இழுத்தால் இலையும் குச்சியும் பிய்ந்து வரும். செடியும் கெடும், பழமும் குப்பையாகும். கொழுந்து எடுக்கிற கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முற்றிய இலையும் குச்சியும் கூடைக்குள் போனால் கொழுந்து மடுவத்தில் என்ன பேச்சு விழும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சருகைப் பிரித்து எடுப்பார்கள். பாலும் சீனியும் போட்டுத் தின்பார்கள். மாவில் பரப்பி வேகவைப்பார்கள். மீதியை உறையவைத்துக் குளிர்காலத்துக்கு வைப்பார்கள். சுவீடனில் இதைக் கஞ்சி மாதிரிச் சூடாகக் காய்ச்சிக் குடிப்பதுண்டு. 1922 முதல் அங்கே நடக்கிற 90 கிலோமீற்றர் பனிச்சறுக்கு ஓட்டத்தில், வழியில் நிற்கிறவர்கள் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கஞ்சியைத்தான் கொடுப்பார்கள்.

ஒரு வார்த்தை: இந்தப் பழம் தின்றால் அந்த நோய் போகும், இந்த நோய் போகும் என்று விளம்பரம் வரும். இது நல்ல பழம், மருந்து அல்ல. விட்டமின் சி என்று பார்த்தால் நம் லயத்துப் பின்பக்கம் காய்க்கிற கொய்யாப்பழத்தில் இதை விடப் பல மடங்கு அதிகம். பிள்ளைக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். வெளிநாட்டுப் பழம் இல்லையே என்று ஏங்க வேண்டாம்.

நாலு இலை, ஒரு பழம்

மலையேறிப் பறிப்பது விளையாட்டு மாதிரித் தெரிந்தாலும் அங்கேயும் கவனம் வேண்டும். அந்தக் காட்டில் இன்னொரு செடி உண்டு. ஒரு தண்டு, உச்சியில் பெரும்பாலும் நாலு இலை, நடுவில் ஒரே ஒரு கருநீலப் பழம். பார்க்க நீலப்பழம் மாதிரியே இருக்கும். அது விஷம். அதனால் பின்லாந்துப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது செடியை. செடி தெரிந்தால்தான் பழத்தில் கைவைக்கலாம்.

நமக்கும் அதே விதிதான். மலையில், கானோரத்தில், பாதையோரத்தில் கண்ட பழத்தைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊமத்தங்காயும் மஞ்சள் அலரி விதையும் உயிருக்கே உலை வைக்கும். தப்பித் தவறித் தின்றுவிட்டால், கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தின்ற காயையும் ஒரு கிளையையும் கையோடு எடுத்துப்போய் டொக்டரிடம் காட்டுங்கள்.

அங்கே இன்னொரு ஆபத்து, வழி தவறுவது. குனிந்த தலை நிமிராமல் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போய்க்கொண்டே இருந்தால், நிமிர்ந்து பார்க்கும்போது வந்த பாதை எந்தப் பக்கம் என்று தெரியாது. எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் தனியாகப் போகக் கூடாது, பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட வேண்டும், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பார்கள். விரியன் இனத்துப் பாம்பு ஒன்றும் உண்டு. அதற்காக றப்பர் பூட்ஸ் போடுவார்கள். நுளம்போ சொல்லி மாளாது. நமக்கு அட்டை மாதிரி அவர்களுக்கு நுளம்பு.

யார் காடு, யார் பழம்?

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. பின்லாந்திலும் சுவீடனிலும் ஒரு பழைய வழக்கம் உண்டு. காடு யாருடையதாக இருந்தாலும், யாரும் அதில் நடக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம். வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது, பயிர் போட்ட நிலத்தை மிதிக்கக் கூடாது. இப்படிச் சில கட்டுப்பாடு மட்டும்தான். இதை எல்லாருடைய உரிமை என்பார்கள். சுவீடன் 1994-இல் இதை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது.

நல்ல உரிமைதான். ஏழையும் பணக்காரனும் ஒரே காட்டில் பழம் பறிக்கலாம். அந்த நாட்டுக்காரன்தான் பறிக்க வேண்டும் என்றும் இல்லை. வெளிநாட்டுக்காரரும் பறிக்கலாம்.

இந்தக் கடைசி வரியைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் மறு கதை தொடங்குகிறது.

மலையில் இன்னொருவர்

காட்டில் காய்க்கிற பழத்தில் பெரும்பகுதி பறிக்காமலே உதிர்கிறது. அதை வாங்கிச் சுத்தம் செய்து, உறையவைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பக் கம்பனிகள் உண்டு. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து பறிக்க உள்ளூரில் போதிய ஆள் இல்லை. கிராமத்தில் வயதானவர்கள்தான் மிச்சம். அதனால் கம்பனிகள் வெளிநாட்டு ஆட்களைத் தேடின. பின்லாந்துக்கு 2005 முதல் தாய்லாந்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சுவீடனுக்கும் வந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி நெல் விவசாயிகள். வயலில் நாற்று நட்டுவிட்டு வருவார்கள். அறுவடைக்குத் திரும்பிப் போவார்கள்.

விடியற்காலையில் வேன் ஏறி, பல மைல் தள்ளி இருக்கிற காட்டுக்குப் போவார்கள். இருட்டும் வரை பறிப்பார்கள். வடக்கே கோடையில் இருட்டவே நேரமாகும். நிறைந்த வாளிகளை முதுகிலும் தோளிலும் சுமந்து பாதைக்குக் கொண்டுவர வேண்டும். இரவு முகாமுக்கு வந்ததும் தராசு. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு.

நம்ம ஆட்களுக்கு இது புதிதா? தராசு முன்னால் நிற்கிற அந்த நேரம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. நமக்குப் பிரட்டு உண்டு, பேர் உண்டு, செக்றோலில் பெயர் உண்டு. குறை இருந்தாலும் தொழிலாளி என்ற ஓர் இடம் உண்டு. பின்லாந்துக்கு வந்த இவர்களோ அப்போது சுற்றுலா விசாவில் வந்தவர்கள். "நீங்கள் கம்பனியின் வேலையாள் இல்லை. எல்லாருக்கும் உள்ள உரிமைப்படி நீங்களே பழம் பறிக்கிறீர்கள், நாங்கள் வாங்குகிறோம்" என்பதுதான் ஏற்பாடு. வேலையாள் இல்லை என்றால் நாட்சம்பளம் இல்லை. மழை பெய்தாலும், காய்ச்சல் வந்தாலும், காட்டில் பழமே இல்லாவிட்டாலும் பொறுப்பு பறிக்கிறவர் தலையில்தான்.

மலையேறி விளையாட்டாகப் பறிக்கிற குடும்பத்துக்குக் கிடைத்த அதே உரிமை, கடன் வாங்கி வந்தவரின் கழுத்தில் சுமையாக விழுந்தது இப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள்

அவர்கள் சும்மா வரவில்லை. விமான டிக்கட், விசா, ஏஜன்சிச் செலவு எல்லாம் கடன். வந்த பிறகு தங்கும் இடம், சாப்பாடு, வேன், பெற்றோல் என்று கழிவு. நமக்கு விளங்குவதற்காக நாமே ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒருவர் புறப்படும்போதே 3 இலட்சம் ரூபாய் கடன் என்று வைப்போம். பருவம் 60 நாள். அப்படியானால் ஒவ்வொரு நாளும் முதல் 5,000 ரூபாய் கடனுக்கே போகிறது. அதற்கு மேல் பறித்தால்தான் சாப்பாட்டுக் காசு. அதற்கும் மேல் பறித்தால்தான் வீட்டுக்கு. பழம் இல்லாமல் 10 நாள் கழிந்தால், மீதி 50 நாளில் தினமும் 6,000 ரூபாய் கடனுக்குப் போக வேண்டும். வட்டியை இதில் சேர்க்கவே இல்லை.

பழம் எப்படி இல்லாமல் போகும்? பூப்பூக்கிற நேரத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் பூ கருகிவிடும். வண்டு பறக்காமல் குளிர் நீடித்தால் பூ காயாகாது. காட்டுச் செடிக்கு உரமும் இல்லை, கவலைப்படுகிறவரும் இல்லை. ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் ஏமாற்றும். 2009-இல் சுவீடனில் விளைச்சல் மோசமானபோது ஆசியாவிலிருந்து வந்த பலர் கடனோடுதான் வீடு திரும்பினார்கள்.

பாட்டன் காலத்துத் துண்டு

இதைப் படிக்கும்போது வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஏதோ ஞாபகம் வரும். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தபோது வழிச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் பெரிய கங்காணி முன்பணமாகக் கொடுத்தார். அது அவர்கள் பெயரில் கடனாக ஏறியது. மலையில் காலை வைக்கும் முன்னே கடன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? "இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன்" என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் வேண்டும். அதற்குப் பெயர் துண்டு. புதுத் தோட்டம் கடனைக் கட்டும், கடன் அங்கே தொடரும். ஆள் மாறினார், இடம் மாறியது, கடன் மட்டும் மாறவில்லை. 1921-இல் சட்டம் கொண்டுவந்துதான் இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

கப்பலுக்குப் பதில் விமானம், கங்காணிக்குப் பதில் ஏஜன்சி, தேயிலைக்குப் பதில் நீலப்பழம். முன்பணம் கொடுத்து ஆளை வேலைக்குக் கட்டிப்போடுகிற வழி மட்டும் அதேதான்.

நீதிமன்றம் சொன்னது

பின்லாந்தில் 2016-ஆம் ஆண்டுப் பருவத்தில் 26 தாய்லாந்துக்காரர்களுக்கு நடந்த கொடுமை நீதிமன்றத்துக்குப் போனது. கடனைக் காட்டி அவர்களைக் கட்டிவைத்து மோசமான நிலையில் வேலை வாங்கியது ஆட்கடத்தல் குற்றமே என்று 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆளைப் பூட்டி வைத்தால் மட்டும் குற்றம் இல்லை, கடனால் பூட்டினாலும் குற்றம் என்பதுதான் இதன் அர்த்தம்.

2021-இல் பழம் பறிக்கவரும் வெளிநாட்டவரின் நிலையைப் பாதுகாக்கப் பின்லாந்து ஒரு தனிச் சட்டம் இயற்றியது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்துக்குத் தாய்லாந்துப் பழம் பறிப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கொடுப்பது நிறுத்தப்பட்டது. பருவகால வேலை அனுமதியோடு வர வேண்டிய நிலை வந்தது. அதாவது, "இவர் சுற்றுலாப் பயணி இல்லை, வேலைக்கு வருகிறவர்" என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று தொழிற்சங்கம் கட்டி வளர்ந்த நமக்குத் தெரியும்.

நம் வீட்டுப் பிள்ளை புறப்படும் முன்

இன்று தோட்டத்திலிருந்தும் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். வீட்டு வேலைக்கு, கட்டட வேலைக்கு, பண்ணை வேலைக்கு. போவது தப்பில்லை. கேட்காமல் போவதுதான் தப்பு. "நல்ல சம்பளம் அண்ணே, ரெண்டு மாசத்துல கடன் அடைஞ்சிரும்" என்று யாராவது வந்து சொன்னால், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. சம்பளம் மாதக் கணக்கா, கிலோக் கணக்கா? கிலோக் கணக்கு என்றால், வேலை இல்லாத நாளில் என்ன கிடைக்கும்?

2. விசா வேலைக்கான விசாவா, சுற்றிப் பார்க்கிற விசாவா? சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

3. டிக்கட், தங்கும் இடம், சாப்பாடு யார் பொறுப்பு? எவ்வளவு கழிப்பார்கள்? எழுத்தில் இருக்கிறதா?

4. ஒப்பந்தம் நமக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? ஒரு பிரதி நம் கையில் இருக்கிறதா?

5. பாஸ்போட்டை யார் வைத்திருப்பார்? அது உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

6. ஏஜன்சிக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? பணியகத்தில் பதிவுசெய்யாமல் புறப்பட வேண்டாம். 1989 என்ற இலக்கத்துக்குப் போன் போட்டு விசாரிக்கலாம்.

7. கடன் வாங்குவதாக இருந்தால், மேலே போட்ட மாதிரி நாள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? நகையை அடகு வைக்கும் முன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதுங்கள்.

இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிறவர் நல்லவராக இருக்கலாம். "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்த முறை டவுன் கடையில் அந்தக் கருநீலப் பழத்தின் படத்தைப் பிள்ளை காட்டினால், பழத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மலையில் குனிந்து பறித்தவரைப் பற்றியும் சொல்லுங்கள். யாரோ ஒரு ஊரில் தேத்தண்ணி குடிக்கிறவர், இந்தக் கொழுந்தை எடுத்த கை யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே மாதிரித்தான்.

இதை வாசித்து முடித்ததும் கண் தெரியாத பெரியவர்களுக்கும் பக்கத்துக் காம்பராவில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். துண்டுக் காலத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதை உங்களுக்குச் சொல்வார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.